சிஎன்சி இயந்திரம் செதுக்கினாலும் கைவினைதானா? சகாரன்பூர் எழுப்பும் கேள்வி

உத்தரப் பிரதேச மாநிலம் சகாரன்பூர், ஷீஷம் மரத்தில் செதுக்கப்படும் கொடி, இலை வேலைப்பாடுகளுக்கும் ‘ஜாலி’ எனப்படும் துளைச் சித்திர வேலைக்கும் பெயர் பெற்ற நகரம். தலைமுறைகளாக உளியும் கொட்டாப்புளியும் செய்துவந்த இந்த வேலையில் ஒரு பகுதியை, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி ரௌட்டர் இயந்திரங்கள் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளன.

இதனை வெறும் தொழில்நுட்ப மாற்றமாகக் கருதிக் கடந்துவிட முடியாது. எந்தப் பொருளைக் கைவினை என்று விற்கலாம், இயந்திரத்தால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாரைச் சேர வேண்டும் என்ற இரு கேள்விகள் இதில் அடங்கியுள்ளன.

இயந்திரம் செய்வது என்ன?

வடிவம் முதலில் கணினியில் முப்பரிமாணக் கோப்பாக உருவாக்கப்படுகிறது. வெட்டுமுனை செல்ல வேண்டிய பாதையை மென்பொருள் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. முதல் சுற்றில் பருத்த வெட்டுமுனை வேண்டாத மரத்தை நீக்குகிறது. அடுத்த சுற்றில் உருண்டை நுனி கொண்ட மெல்லிய முனை, பூவிதழின் வளைவு வரை நுணுக்கங்களை வெளிக்கொணர்கிறது. கையால் பல நாள்கள் பிடிக்கும் பலகையைச் சில மணி நேரத்தில் முடிக்கலாம். ஒரே கோப்பைக் கொண்டு நூறு பலகைகளை வேறுபாடின்றிச் செதுக்கலாம்.

எனினும் இயந்திரத்துக்கு எல்லைகள் உண்டு. பரவலாகப் பயன்படும் மூன்று அச்சு இயந்திரத்தில் முனை மேலிருந்து மட்டுமே இறங்குவதால், இலைக்கு அடியில் உள்வாங்கிக் குடைய இயலாது. சுழலும் முனை துளைகளின் உள்மூலைகளைக் கூர்மையாக வெட்டாமல் வட்டமாக விட்டுவிடும். மேற்பரப்பில் மெல்லிய இணைவரிகள் எஞ்சும். மூலைகளைச் செதுக்கிச் சீராக்கி, வரிகளைத் தேய்த்து நீக்கும் இறுதி வேலை மீண்டும் கைவினைஞரிடமே வருகிறது. அதன் பிறகு, இயந்திரம் எங்கே நின்றது, கை எங்கே தொடங்கியது என்பதைச் சாதாரண வாங்குநரால் கண்டறிய முடிவதில்லை.

சட்டத்தின் பார்வை

ஜிஎஸ்டி நடைமுறைக்காக 2018-ஆம் ஆண்டில் கைவினைப் பொருளுக்கு வரையறை வகுக்கப்பட்டது. கருவிகளோ இயந்திரங்களோ ஓரளவு பயன்பட்டிருந்தாலும், பொருள் பெருமளவு கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும். இயந்திரத்தில் உருவாகும் அதே பயன்பாட்டுப் பொருளிலிருந்து அது தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. செதுக்கும் வேலை முழுவதையும் இயந்திரம் செய்து, தேய்ப்பு, மெருகு, பித்தளைப் பதிப்பு ஆகியவற்றை மட்டும் கை செய்தால், அந்தப் பொருள் பெருமளவு கையால் ஆனதா? மணிக்கணக்கைப் பார்த்தால் ஆம் எனலாம். அழகை உருவாக்கிய வேலை எது என்று பார்த்தால் இல்லை எனலாம். எந்த அளவுகோலைக் கொள்வது என்பதை வரையறை கூறவில்லை.

கைத்தறித் துறையில் இந்த எல்லை சட்டத்தால் வகுக்கப்பட்டுள்ளது. 1985-ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மரச்சிற்பத்துக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை.

பெயருக்குக் காப்பு உண்டு

சகாரன்பூர் மரவேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. காஷ்மீரின் வால்நட் மரச்சிற்பத்துக்கும், தமிழ்நாட்டின் அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கும் இந்தக் குறியீடு உண்டு. ஆனால் குறியீடு காப்பது பெயரை மட்டுமே. சகாரன்பூரின் கொடி வடிவத்தை ஒரு கோப்பாக்கி வேறு ஊரில் செதுக்கி, ஊர்ப் பெயரைக் குறிப்பிடாமல் விற்றால் குறியீட்டால் தடுக்க முடியாது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமும் புதிய வடிவங்களையே பதிவு செய்கிறது. வழிவழியாக வந்த வடிவம் புதியது ஆகாது. உளியின் காலத்தில் வடிவத்தைத் திருட அதே அளவு திறமை தேவைப்பட்டது. இப்போது கோப்பு ஒன்று போதும்.

இயந்திரம் யாருடையது?

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தச்சுத் தொழில் உள்ளிட்ட 18 தொழில்களை உள்ளடக்கியது. கருவித் தொகுப்புக்கு ரூ.15,000 உதவியும், இரு தவணைகளில் ரூ.3 லட்சம் வரை பிணையற்ற கடனும் வழங்கப்படுகின்றன. நல்ல உளிகளுக்கு அந்த உதவி போதும். ஆனால் தொழிற்கூட அளவிலான சிஎன்சி இயந்திரத்துக்குப் பல லட்சம் ரூபாய் தேவை. அதனுடன் மென்பொருள், மின்சாரம், வடிவமைப்பாளர் செலவும் சேரும். எனவே, இயந்திரத்தை வாங்கும் வலு பெரும்பாலும் ஏற்றுமதியாளருக்கும் பெரிய தொழிற்கூடங்களுக்குமே உண்டு. செதுக்கும் கூலியைப் பெற்றுவந்த கைவினைஞருக்குத் தேய்ப்புக் கூலி மட்டுமே மிஞ்சும் அபாயம் இதனால் உருவாகிறது.

இதைவிட ஆழமான இழப்பு ஒன்றும் உண்டு. பின்னணி மரத்தை நீக்கும் எளிய வேலையில்தான் புதியவர் உளி பிடிக்கப் பழகுகிறார். இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்வதும் அந்த வேலையையே. தொடக்கப் படி மறைந்தால், காஷ்மீர் வால்நட் சிற்பங்களில் காண்பதுபோல அடுக்கடுக்காக உள்வாங்கிக் குடையும் வித்தகர்கள் அடுத்த தலைமுறையில் எங்கிருந்து வருவார்கள்?

வழி என்ன?

இயந்திரத்தைத் தடை செய்வது தீர்வாகாது. கடினமான, தூசி நிறைந்த தொடக்க வேலையை அது குறைக்கிறது. குறித்த காலத்தில் பெரிய கொள்முதல்களை நிறைவேற்ற உதவுகிறது. தேவைப்படுவது வெளிப்படைத்தன்மை. ஜம்மு-காஷ்மீர் நிர்வாகம் 2022-ஆம் ஆண்டில் கையால் முடிச்சிடப்படும் தரைவிரிப்புகளுக்குக் கியூஆர் குறியீடு கொண்ட முத்திரையை அறிமுகப்படுத்தியது. மரச்சிற்பத்திலும் முழுக் கைவேலை, இயந்திரத்தில் செதுக்கிக் கையால் முடித்தது, முழு இயந்திர வேலை என மூன்று நிலைகளை முத்திரையிலேயே குறிப்பிடலாம். அப்போது முழுக் கைவேலைக்குரிய கூடுதல் விலை அதைச் செய்தவருக்குக் கிடைக்க வழி பிறக்கும்.

உத்தரப் பிரதேச அரசு 2018-இல் தொடங்கிய ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ திட்டத்தில் சகாரன்பூரின் மரவேலைப்பாடு இடம்பெற்றுள்ளது. அதன் கீழ் பொது வசதி மையங்களுக்கு நிதியுதவி அளிக்கப்படுகிறது. அங்கு இயந்திரத்தை நிறுவுவதுடன், கணினியில் வடிவம் வரையும் பயிற்சியையும் கைவினைஞர் குடும்பத்து இளைஞர்களுக்கு அளித்தால், கோப்பும் அவர்கள் கைக்கு வரும்.

மரத்தின் இழையோட்டம் அறிந்து வடிவத்தைத் தீர்மானிப்பவர் இன்றும் கைவினைஞரே. அந்த அறிவு கோப்பாக மாறும்போது அதன் உரிமையும் கூலியும் யாருக்கு என்பதை இப்போதே வரையறுக்காவிட்டால், சகாரன்பூரின் பெயர் சந்தையில் நிலைக்கும். அதை ஈட்டித் தந்தவர்கள் தொழிலை விட்டு விலகியிருப்பார்கள்.