'வயசாச்சு' என்பது வைத்தியம் அல்ல

சிபேப் இயந்திரம் வைத்துத் தூங்கியும் பகலில் அசந்து போகிறவர்களுக்கு நம் புதுச்சேரியில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வயசாச்சு சார், அப்படித்தான் இருக்கும்." எனக்கும் அதுதான் கிடைத்தது. அந்தப் பதிலை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதையை அடைக்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை நம்மை உசுப்பிவிடுகிறது. இரவெல்லாம் இதே கதை. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பி அந்தப் பாதையைத் திறந்து வைப்பதுதான் சிபேப். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் இந்த முறையை வெளியிட்டார்.

இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. காலைத் தலைவலி போய்விட்டது. இரவில் நாலு தடவை பாத்ரூம் போனவன் இப்போது ஒரு தடவைதான் போகிறேன். மணிக்கு 38 தடவை நின்ற மூச்சு, கருவிக் கணக்குப்படி இப்போது 3 தடவைதான். ஐந்துக்குக் கீழே வந்தால் சரி என்பது கணக்கு. ஆனாலும் மதியம் மூன்று மணிக்குச் செய்தித்தாள் கையிலிருந்து நழுவுகிறது. இதைச் சொன்னால் மருத்துவர் எண்ணைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை.

முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் நான். மனு 'பைசல்' என்று பதிவேட்டில் எழுதியிருக்கும், மனு கொடுத்தவர் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருப்பார். இதுவும் அந்த மாதிரி பைசல்தான்.

அந்த எண் எதைச் சொல்கிறது? முகமூடி முகத்தில் இருக்கும் நேரத்தை மட்டும். மூன்று மணிக்குக் கழற்றிவைத்துவிட்டுப் படுத்தால், அதற்குப் பிறகு நின்ற மூச்சு எந்தக் கணக்கிலும் வராது. பலருக்குக் கனவு காணும் விடியற்காலைத் தூக்கத்தில்தான் அடைப்பு அதிகம். "நாலு மணி நேரம் போட்டால் போதும்" என்கிறார்களே, அது அமெரிக்காவில் காப்பீட்டுப் பணம் கொடுப்பதற்கு வைத்த அளவுகோல். நம் உடம்பு கேட்டு வைத்த அளவு அல்ல.

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சில் 'ஃபத்தீக்' வேறு, 'சொம்னொலான்ஸ்' வேறு என்று சொல்லிக்கொடுத்தார்கள். முன்னது அசதி, பின்னது தூக்கக் கலக்கம். மாற்றி எழுதினால் சிவப்பு மை. அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று காரணங்கள் இருக்கலாம். தூக்கக் கலக்கத்துக்கு முகமூடிக் கசிவு, தூங்கும் நேரம் போதாமை, அலர்ஜி மாத்திரை, நரம்பு வலி மாத்திரை காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எப்வொர்த் என்ற கேள்வித்தாள் 1991-லிருந்து இருக்கிறது. எட்டே கேள்விகள், 24 மதிப்பெண். பத்துக்கு மேல் போனால் கலக்கம் அதிகம் என்று அர்த்தம். நிரப்ப ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அதையும் கேட்காமல் 'வயசாச்சு' என்று முடிப்பது என்ன நியாயம்?

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் என்ன செய்வார்?" என்று கேட்பீர்கள். சரி, அவரால் முடியாது. இயந்திரம் விற்றவர்களால் முடியுமே! முகமூடியின் அளவு சரியா, காற்று கசிகிறதா என்று பார்க்க விற்ற பிறகு ஒரு தடவை வரக்கூடாதா? பணம் வாங்க மட்டும் வீடு தேடி வரத் தெரிகிறது.

சில நண்பர்கள் வெறுத்துப்போய் இயந்திரத்தை அலமாரி மேல் ஏற்றிவிட்டார்கள். அது தவறு. கலக்கம் மிச்சம் இருக்கிறது என்பதற்காக மூச்சை நிற்க விடலாமா? எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்குக் கலக்கம் தங்கிவிடுவதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் மற்றக் காரணங்களைத் தேடிப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது.

அடுத்த முறை போகும்போது இயந்திரத்தின் கார்டையும் நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கையில் கொண்டு போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: கசிவு எவ்வளவு? இந்த மாத்திரைகளில் தூக்கம் வரவழைப்பது எது? ரத்தத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்? பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். நமக்குத்தான் ஆபீஸ் போகிற அவசரம் இல்லையே!