பாதியில் நிற்கும் பழைய மஸில் கார்... 18,000 டாலர் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? நியாயமான விலைக்கு கணக்கு இதுதான்!

'1970 செவ்ரோலே ஷெவல் எஸ்எஸ். புராஜெக்ட் கார். 90% பாகங்கள் இருக்கு. நிறுத்தும்போது நல்லா ஓடிட்டு இருந்தது. 18,000 டாலர். பேரம் கிடையாது.'

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டினால், இந்த மாதிரி ஒன்று கண்ணில் படாமல் இருக்காது. படத்தில் பார்த்தால் டயர் காற்றில்லாமல் படுத்திருக்கும், பானெட்டுக்குள் எலிக்கூடு இருக்கும், சீட் கிழிந்து தொங்கும். ஆனா விலை மட்டும் புதுக் கார் ரேஞ்சில் நிற்கும். 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படத்தில் டாமினிக் ஓட்டும் 1970 டாட்ஜ் சார்ஜரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இப்போது சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் கேட்கிற விலைக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது.

இதில் 2025-ல் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க அரசு உருக்கு, அலுமினியம் இறக்குமதிக்கு மார்ச்சில் 25% வரி போட்டு, ஜூனில் அதை 50% ஆக்கியது. வாகன உதிரிபாகங்களுக்கும் மே மாதம் 25% வரி வந்தது. 25 வருடத்துக்கு மேல் பழைய முழு வாகனங்களுக்கு மட்டும் அந்த வாகன வரியிலிருந்து விலக்கு. அதாவது பழைய காருக்கு வரி இல்லை, அதைச் சரிசெய்ய வாங்கும் தகடுக்கும் பாகத்துக்கும் செலவு ஏறுகிறது. 'எல்லாமே விலை ஏறுது, அதனால என் காரும் ஏறும்' என்பதுதான் விற்பவர்களின் வாதம். உண்மையில் இந்தக் கணக்கு தலைகீழ். ஏன் என்று பார்ப்போம்.

மஸில் கார், புராஜெக்ட் கார் - என்ன வித்தியாசம்?

நடுத்தர அளவு காரில் பெரிய வி8 இன்ஜினைத் தூக்கி வைத்து, இளைஞர்கள் வாங்குகிற விலையில் விற்றதுதான் மஸில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வை ஆரம்பமாகச் சொல்வார்கள். 1970 வாக்கில் உச்சம். பிறகு புகைக் கட்டுப்பாடு, இன்சூரன்ஸ் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி என்று வரிசையாக அடி விழுந்து அடங்கிப்போனது.

புராஜெக்ட் கார் என்பது இந்த வகையில் ஓடாத, அல்லது பாதி பிரித்துப் போட்ட கார். வாங்குபவர்தான் டிங்கரிங், பட்டி, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் செய்து முடிக்க வேண்டும்.

விலைப் பட்டியல் பார்த்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவில் பலரும் பார்க்கும் ஹகெர்ட்டி விலைக் கையேடு, கார்களை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 1 என்றால் கண்காட்சிக்கு நிற்கிற அளவு குறையே இல்லாத கார். 4 என்றால் குறைகள் உள்ள, ஆனாலும் ஓடுகிற கார். நம்ம விளம்பரத்து ஷெவல் அந்த 4-க்கும் கீழே. அதாவது அதற்கு விலை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. விற்பவர் 2-ம் தரத்து விலையைப் பார்த்துவிட்டு, 'அதுல பாதியாவது வரணும்ல' என்று ஒரு தொகையைச் சொல்கிறார். பல விளம்பரங்களின் விலை இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொரு தப்பு, மற்ற விளம்பரங்களோடு ஒப்பிடுவது. கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஆறு மாதமாக அதே விளம்பரம் கிடக்கிறது என்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். 'பிரிங் எ டிரெய்லர்' மாதிரி ஆன்லைன் ஏல தளங்களில் முடிந்த ஏலத்தின் தொகை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். விற்காமல் போன காருக்கு கடைசியாக எவ்வளவு கேட்டார்கள் என்பதும் தெரியும். பேரம் பேசும்போது அந்த இரண்டாவது தகவல் ரொம்பவே உதவும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க

முடிந்த காரின் விலையிலிருந்து, முடிக்க ஆகும் செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பாதி காரின் விலை. சொல்ல சுலபம். எண்களை வைத்துப் பார்த்தால்தான் வலி தெரியும்.

ஒரு உதாரணத்துக்கு (இவை நாம் போட்டுப் பார்க்கும் தொகைகள்தான், ஊருக்கு ஊர் மாறும்), அந்த ஷெவல் நல்லபடியாக முடிந்தால் 55,000 டாலர் பெறும் என்று வைப்போம். டிங்கரிங், பெயின்ட்டுக்கு 18,000. இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 9,000. சீட், டேஷ்போர்டு உள்ளிட்ட உள்வேலைக்கு 5,000. பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் 5,000. கண்ணாடி, குரோம் 5,000. வண்டியை ஏற்றி வருவது, சில்லறைச் செலவு 3,000. கூட்டினால் 45,000. பழைய காரில் எதிர்பாராத செலவு வராமல் இருக்காது. அதற்கு 15% வைத்தால் 6,750. ஆக மொத்தம் 51,750.

மிச்சம் 3,250 டாலர். கேட்பதோ 18,000!

'நான் மெக்கானிக் வேலை தெரிஞ்சவன், லேபர் எனக்கு இலவசம்' என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்படியே வைப்போம். சொந்தக் கையால் செய்வதில் 15,000 டாலர் மிச்சமாகிறது என்றால், காரின் நியாய விலை 18,250 ஆகிவிடும். விற்பவர் கேட்பது சரிதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 15,000 டாலரைச் சம்பாதிக்க நீங்கள் 400 மணி நேரம் வேலை செய்தால், மணிக்கு 37 டாலருக்குச் சற்று மேல் உங்கள் கூலி. 18,000 கொடுத்து வாங்கினால், கிட்டத்தட்ட அந்தக் கூலி முழுவதையும் வேலை தொடங்கும் முன்பே விற்பவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டு வருட சனி, ஞாயிறு உங்களுடையது, லாபம் அவருடையது.

3,250-க்கும் 18,250-க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் பேரம். என் பார்வையில், உழைக்கப்போவது நீங்கள் என்பதால் கீழ்ப்பக்கம் சாய்வதே நியாயம்.

வரி ஏறினால் விலை இறங்கணுமா?

ஆமாம். மேலே சொன்ன 45,000 செலவில் 20,000 டாலர் பாகங்களுக்கு மட்டும் போகிறது என்று வைப்போம். மஸில் கார்களுக்கான மாற்றுத் தகடுகளில் கணிசமானவை தைவானில் தயாராகி வருபவை. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வரி என்பது வகைக்கு வகை மாறும். ஆனா மொத்தத்தில் பாகங்களின் விலை 10% ஏறினால் கூடுதல் செலவு 2,000. முடிந்த காரை வாங்குபவர் 'பாவம், உனக்கு வரி விழுந்துச்சு' என்று கூடுதலாகக் கொடுக்க மாட்டார். அதனால் 3,250 என்ற மிச்சம் 1,250 ஆகச் சுருங்குகிறது. பாகம் ஏறியது 10%, பாதி காரின் மதிப்பு விழுந்தது 60 சதவீதத்துக்கும் மேல்.

லாபம் யாருக்கு? எல்லாப் பாகமும் உடம்போடு இருக்கும் முழுமையான காருக்கும், ஏற்கெனவே வேலை முடிந்த காருக்கும்தான். பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்ட காருக்கு இல்லை.

அது நிஜமாவே 'எஸ்எஸ்' தானா?

விலையை மாற்றும் பெரிய கேள்வி இதுதான். 1970-ல் எஸ்எஸ் என்பது தனி மாடல் அல்ல, மாலிபு காரின் மேல் காசு கொடுத்து எடுக்கும் ஆப்ஷன். அதனால் டேஷ்போர்டில் இருக்கும் வாகன அடையாள எண்ணைப் பார்த்து, இது வி8 மாலிபு என்று சொல்லலாம். எஸ்எஸ்-ஆ இல்லையா என்று சொல்ல முடியாது. எஸ்எஸ் முத்திரை, பானெட் கோடு, கிரில் எல்லாமே கடையில் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் சாதா மாலிபுவை எஸ்எஸ் ஆக்கிவிடலாம். (வேடிக்கை என்னவென்றால், 1970 'எஸ்எஸ் 396' காரிலேயே இருந்தது 402 கன அங்குல இன்ஜின். பெயர் விற்பனை ஆகிக்கொண்டிருந்ததால் கம்பெனி பெயரை மாற்றவில்லை!)

ஆதாரம் என்றால் தொழிற்சாலையின் பில்டு ஷீட்தான் உறுதியானது. பெட்ரோல் டேங்க் மேலேயோ, சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ மடித்துச் செருகியபடி இன்றும் சிலருக்குக் கிடைக்கிறது. அடுத்தது இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்கத்து ஹெட்டுக்கு முன்னால் பொறித்த எண். அது காரின் அடையாள எண்ணோடு பொருந்தினால்தான் 'நம்பர்ஸ் மேட்சிங்'. அந்த இடத்தை வழித்துவிட்டுப் புது எண் அடிப்பவர்களும் உண்டு. தொழிற்சாலை விட்டுச்சென்ற நுண்ணிய கீறல் கோடுகள் இல்லாமல் அந்த இடம் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மற்ற கம்பெனிகளில் நிலைமை கொஞ்சம் சுலபம். 1967-க்குப் பிந்தைய ஃபோர்டு கார்களுக்கு மார்டி ரிப்போர்ட், பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம் காசு கட்டினால் வரும். 1970 டாட்ஜ் சேலஞ்சரில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'வி' என்றால் 440 சிக்ஸ் பேக்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சாதா மாலிபுவுக்கும், 454 எல்எஸ்6 இன்ஜினோடு வந்த எஸ்எஸ்-க்கும் டிங்கரிங் கூலி ஒன்றுதான். பெயின்ட் செலவும் ஒன்றுதான். ஆனா முடிந்தபின், ஆதாரமுள்ள நல்ல எல்எஸ்6 ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அதனால் துருப்பிடித்த, காகிதமுள்ள எல்எஸ்6, பளபளக்கும் சாதா மாலிபுவைவிட அதிக விலை பெறுவது நியாயமே. காகிதம் இல்லையா, மாலிபு விலைதான் பேச வேண்டும். விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும்.

ஆர்.சி. புக் மாதிரி அங்கே 'டைட்டில்' என்ற உரிமைப் பத்திரம் உண்டு. அதிலுள்ள எண்ணும் காரிலுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் விலை பேசவே வேண்டாம். அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

துரு... எங்கே பார்க்கணும்?

மிச்சிகன், ஒஹையோ மாதிரி பனி மாநிலங்களில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது அடித்தகட்டைத் தின்றுவிடும். அரிசோனா, கலிஃபோர்னியா கார்களில் டேஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், சீட் நொறுங்கும், ஆனா தகடு நன்றாக இருக்கும். சீட்டும் டேஷ்போர்டும் காசு கொடுத்தால் வரும். தகடு வேலைக்குத்தான் ஆளும் நேரமும் வேண்டும். அங்கே ஒர்க்‌ஷாப் கூலி மணிக்கு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

ஷெவலில் பின் கண்ணாடியின் கீழ் மூலைகளைப் பாருங்கள். அங்கே நீர் தேங்கி, டிக்கித் தரை வரை இறங்கியிருக்கும். ரெக்சின் ஒட்டிய கூரை என்றால் இன்னும் கவனம், அடியில் என்ன இருக்கிறது என்று பிரிக்கும் வரை தெரியாது. பாடி உட்காரும் சேஸி மவுன்ட்டுகள், பின்சக்கரத்துக்கு மேல் வளையும் சேஸி பகுதி இரண்டையும் படுத்துப் பாருங்கள். மஸ்டாங் என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டி. அதன் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும், கால் வைக்கும் இடத்தில் ஒழுகினால் உள்ளே ஓட்டை. தரைத் தகடு போயிருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம், மாற்றுத் தகடு மலிவு. கண்ணாடி அடிப்பகுதி, தூண், கூரை போயிருந்தால் பாதி காரைப் பிரிக்க வேண்டும்.

கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான். புதிதாக பிரைமர் அடித்து 'பெயின்ட்டுக்கு ரெடி' என்று சொல்லும் காரைவிட, துரு வெளியே தெரியும் கார் நேர்மையானது.

அந்த 10% எங்கே?

'90% இருக்கு' என்ற வரியில் விலையே இல்லாத அந்த 10% தான் மிரட்டும். ஷெவல், கமாரோ, மஸ்டாங் என்றால் ஏறக்குறைய எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதே காலத்து மெர்க்குரி, ஏஎம்சி கார்களுக்கு அந்த வசதி குறைவு. கிரில் இல்லாத மெர்க்குரியை வாங்கிவிட்டு, அந்த கிரிலுக்காக இன்னொரு காரையே வாங்க நேரிடலாம். 'நிறுத்தும்போது ஓடிச்சு' என்றால், இன்ஜின் ஓடாது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். 'ஏற்கெனவே 12,000 செலவு பண்ணிட்டேன்' என்றால் ரசீதையும், செய்த வேலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். தப்பாக ஒட்டிய தகட்டைப் பிரிக்க நீங்கள்தான் மறுபடி காசு கொடுக்கணும்.

எல்லாத்தையும் புதுசாக்கணுமா?

அவசியமில்லை. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் அதற்கு 34 லட்சம் டாலர் கேட்டார்கள், கமிஷன் சேர்த்து 37.4 லட்சம். பெயின்ட் மங்கி, துரு எட்டிப்பார்க்க, பழையபடியே விற்றது. படத்தின் புகழ் எல்லாக் காருக்கும் வராது. ஆனா ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் சீட் மிச்சமிருக்கும் கார் கையில் வந்தால், பிரிப்பதற்கு முன்னால் விற்ற விலைகளை இன்னொரு முறை பாருங்கள். பிரித்தபின் அந்த மதிப்பு திரும்பாது.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முன்பு 1950-க்கு முன் தயாரான பழைய கார்களுக்குத்தான் தளர்வு இருந்தது. 2025 பிப்ரவரியில் வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகம் அதை '50 வருடம் ஆன வாகனங்கள்' என்று மாற்றியது. மஸில் கார் காலம் முழுவதும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனா சுங்க வரி, கப்பல் கூலி, சாலையில் ஓட்ட மோட்டார் வாகன விதிகள் எல்லாம் தனி. இந்த கார்களோ இடதுபக்க ஸ்டியரிங். பாதியில் நிற்கும் காரைக் கொண்டுவந்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் மறுபடி கப்பல் கூலி, மறுபடி வரி. அமெரிக்காவில் 3,250 டாலர் மிஞ்சிய அதே கணக்கு, சென்னைத் துறைமுகம் வந்து சேரும்போது பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.