வீட்டுக்குச் சக்கரம் மாட்டினா போதுமா?

இருக்கிற வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, ஒரு மோட்டார்ஹோமில் ஏறி அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குடிபோகும் ஜோடிகளின் வீடியோக்களை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டலில் பார்க்காத ஆள் நம்மில் கம்மி. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஜன்னலுக்கு வெளியே ஒரு நாள் பாலைவனம், அடுத்த நாள் பனிமலை. இதற்கு முன் அவர்கள் ஓட்டிய பெரிய வண்டி ஒரு கார்தான் என்பதையும் பெருமையாகவே சொல்வார்கள். பார்க்கிற நமக்கும் "நாமளும் ஒரு நாள்..." என்று தோணும். நம்மில் சிலர் மேல்படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போகத்தான் போகிறோம், அதனால் இது வெறும் கனவும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். அனுபவம் இல்லாத ஜோடி இப்படிக் கிளம்புவதில் தப்பே இல்லை. இதைத் தைரியத்தின் கதையாக விற்பதுதான் தப்பு. உண்மையில் இது ஒரு கணக்கு. அதை இரண்டு பேரும் சேர்ந்து போடணும், ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் எதையும் மறைக்கக் கூடாது. நம்ம முதல் வருஷ பிசிக்ஸ் போதும்.

முதல் கணக்கு, எடை. மோட்டார்ஹோம் பார்க்க லாரி மாதிரி இருக்கும், ஆனா அது சரக்கு வண்டி கிடையாது. கட்டில், பிரிட்ஜ், அடுப்பு, ஏசி என்று அதன் தாங்குதிறனில் பெரும்பகுதியை வீடே சாப்பிட்டுவிடும். மிச்சம் எவ்வளவு ஏற்றலாம் என்று சட்டப்படி வண்டிக்குள்ளேயே ஒரு லேபிள் ஒட்டியிருப்பார்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இத்தனை கிலோ என்று அதில் எழுதியிருக்கும்.

ஒரு பேச்சுக்கு லேபிளில் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் சேர்ந்து 140 கிலோ. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. மிச்சம் 410. விமானத்தில் செக்-இன் பண்ணுகிற 23 கிலோ பெட்டியில் சொன்னால் பதினேழு பெட்டி, அவ்வளவுதான். ஊர் சுற்றப் போகிறவருக்கு இது தாராளம். குடி மாறுகிறவருக்கு? புத்தகம், பாத்திரம், மேஜை, வாஷிங் மெஷின் என்று ஒரு குடும்பத்தின் சாமான் டன் கணக்கில் வரும். வண்டிக்குள் இடம் இருக்கே என்று அடுக்கிக்கொண்டே போனால், பாரம் முழுக்க டயரின் தலையில்தான் விழும்.

அந்த டயரிலும் ஒரு விஷயம் இருக்கு. மோட்டார்ஹோம் வருஷத்தில் பாதி நாள் நின்றுகொண்டே இருக்கிற வண்டி. டயரின் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரியும், உள்ளே ரப்பர் கிழடாகியிருக்கும். அங்கே விற்கும் டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் பார்க்கணும். 2318 என்றால் 2018-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய மோட்டார்ஹோம் வாங்குகிற ஜோடி சோபாவின் கலரைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது கணக்கு, இறக்கம். மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர் கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைத் தாண்டணும். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கி வரும் டென்வர் சுமார் 1,600 மீட்டர். ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம்.

நடுத்தர மோட்டார்ஹோம்கள் பலவற்றின் அடியில் இருப்பது ஃபோர்டு ஈ-450 சேஸிஸ். முழு பாரத்தோடு அதன் எடை வரம்பு 14,500 பவுண்ட், அதாவது 6,500 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எம்-ஜி-ஹெச் போட்டுப் பாருங்க. சுமார் 115 மெகாஜூல் வரும். 30 டிகிரியில் இருக்கும் 390 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அந்தச் சக்தி போதும். 1,500 கிலோ கார் என்றால் இதில் நாலில் ஒரு பங்குகூட வராது. காற்றும் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? லோ கியரில் போட்டு இன்ஜினை இழுக்க விட்டால் பெரும் பங்கு இன்ஜினுக்குப் போகும். கார் ஓட்டிய பழக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் மொத்தமும் பிரேக்குக்குப் போகும். பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அந்த மாதிரி மலைச்சாலைகளில் பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய ஏற்றங்களைக் கட்டி வைத்திருப்பது சும்மா இல்லை.

மூன்றாவது, உயரம். நார்த் கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் இணையத்தில் ரொம்பப் பிரபலம். அதன் அடியில் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். உயரமான வண்டி வந்தால் கண்டுபிடித்து, சிக்னலைச் சிவப்பாக்கி, திரும்பிப் போ என்று எழுத்தில் காட்டுகிற வசதியே அங்கே உண்டு. அப்படியும் வாடகை லாரிகளும் மோட்டார்ஹோம்களும் கூரையை உரித்துக்கொண்டே இருந்தன. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. ஓட்டுகிறவர் முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனா வாழ்நாள் முழுக்கத் தலைக்கு மேலே என்ன இருக்கு என்று யோசிக்கத் தேவையே இல்லாமல் கார் ஓட்டியவருக்கு ஒரே நாளில் அந்தப் பழக்கம் எப்படி வரும்?

இங்கேதான் எனக்குச் சட்டத்தின் மேல் கோபம். அமெரிக்காவில் 26,001 பவுண்ட், அதாவது சுமார் 11,800 கிலோ எட்டுகிற சரக்கு லாரியை ஓட்டத் தனி லைசென்ஸ் வேணும். 2022 பிப்ரவரியிலிருந்து அதை முதன்முறை எடுப்பவருக்குப் பயிற்சியும் கட்டாயம். ஆனா அந்த வரம்புக்குக் கீழே உள்ள மோட்டார்ஹோமை, சொந்த உபயோகம் என்றால், பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸே போதும். பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர் பொதுவாக 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம், அதற்கு மேல் இன்னொரு டெஸ்ட். எனக்கு பிரிட்டன்காரர்கள் பண்ணியதுதான் சரியாகப் படுகிறது. பிரேக்குக்கும் பாலத்துக்கும் ஓட்டுகிறவர் வியாபாரத்துக்கு வந்தாரா, குடித்தனத்துக்கு வந்தாரா என்று தெரியாது. எதிரே வருகிற குடும்பத்துக்கும் தெரியாது. தன் உயிரைப் பணயம் வைப்பது சுதந்திரம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், அடுத்தவர் உயிர் அந்தக் கணக்கில் வராது. தனி லைசென்ஸ் வேண்டாம் என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன் அரை நாள் ஓட்டுப் பயிற்சியாவது கட்டாயம் ஆக்கலாமே.

சட்டம் மாறும்வரை ஜோடி என்ன பண்ணணும்? இதற்குப் பழைய ஹாலிவுட் காமெடிப் படங்கள் இரண்டு பதில் வைத்திருக்கின்றன.

1954-ல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தில் லூசில் பாலும் டெசி அர்னாஸும் புதுமணத் தம்பதி. இழுவை வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு கொலராடோவை நோக்கிப் போகிறார்கள். கணவர் நம்ம ஆளு, சிவில் இன்ஜினியர். மனைவி போகிற இடமெல்லாம் நினைவுக்காகக் கற்களைச் சேர்க்கிறார். மலை ஏறுவதற்கு முன் தூக்கிப் போடு என்கிறார் கணவர். அவர் போடாமல் வண்டிக்குள் ஒளித்து வைக்கிறார். மலைப்பாதையில் அது வெளியே வந்து கல்யாணமே ஆட்டம் காண்கிறது.

1985-ல் வந்த ஆல்பர்ட் புரூக்ஸின் 'லாஸ்ட் இன் அமெரிக்கா'வில் ஒரு ஜோடி வீட்டை விற்று, வின்னபேகோ மோட்டார்ஹோம் வாங்கி, நாடு சுற்றக் கிளம்புகிறது. ஆரம்பத்திலேயே லாஸ் வேகஸில் கணவர் தூங்கும்போது மனைவி மொத்தச் சேமிப்பையும் சூதாட்டத்தில் விட்டுவிடுகிறார். இரண்டிலும் மனைவியைக் குற்றவாளியாக்கியது அந்தக் காலத்துப் புத்தி, அதை விடுங்க. ஒருத்தர் மட்டும் கணக்குப் பார்க்க, இன்னொருத்தர் பயணியாக மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். அது கணவனாக இருந்தாலும் இதே கதைதான்.

அதனால் என் சிபாரிசு ரொம்பச் சாதாரணம். சாமானை லாரியில் அனுப்புங்க, மோட்டார்ஹோமில் நீங்க மட்டும் போங்க. கிளம்பும் நாளில் தண்ணீர், பெட்ரோல் எல்லாம் நிரப்பி, லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்க. வண்டியின் உயரத்தை ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்க. 4,800 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால், சுமார் 1,400 லிட்டர் எரிபொருள் வேணும் என்பதை பட்ஜெட்டின் முதல் வரியில் போடுங்க. காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுப்பதை இரண்டு பேரும் பழகுங்க. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பின்னால் நின்று கை காட்ட, அப்புறம் இடம் மாற்றி. நாலாயிரம் கிலோமீட்டரை ஒரே ஆள் ஓட்டினால் மூன்றாவது நாள் தூக்கம் ஸ்டியரிங்கில் வந்து உட்காரும்.

இதெல்லாம் பண்ணினா அந்தப் பயணத்தின் அழகு போயிடுமா? போகாது. கணக்கு சரியாக இருக்கிறவர்தான் மலை இறங்கும்போது ரோட்டோடு சேர்த்து மலையையும் பார்க்க முடியும். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் பாருங்க, ரசிங்க. கூடவே இரண்டு கேள்வி கேளுங்க: இந்த வண்டி எத்தனை கிலோ? அது இவங்க ரெண்டு பேருக்குமே தெரியுமா?