சுக்கான் நிலத்துக்கு எந்தக் குப்பை?

நிலக்கடலைக் கொழுந்து வெளுத்தால் பலரும் முதலில் யூரியாவைத்தான் தூவுகிறார்கள். தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் அது இரும்புக் குறைபாடு. கோவை, திருப்பூர் பக்கத்துச் சுக்கான் நிலங்களில், அதாவது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், இது பழகிப்போன காட்சி.

அந்த மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. கார அமில நிலை ஓர் அலகு ஏறினால் மண்கரைசலில் உள்ள இரும்பு அயனி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் கார அமில நிலை 8-ஐ ஒட்டியே நிற்கிறது. சூப்பர் பாஸ்பேட் போட்டால் மணிச்சத்தைக் கால்சியம் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடுகிறது. மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போகிறது. மூட்டையைக் கூட்டுவதால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மட்கிய குப்பையின் மதிப்பு இங்கேதான். அதில் தழைச்சத்து எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே தப்புக் கணக்கு. மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள் வேரோரத்துச் சுண்ணாம்பைச் சற்றே கரைக்கின்றன. இரும்பையும் துத்தநாகத்தையும் மண் இறுக்கிவிடாதபடி பற்றிவைத்து வேரிடம் சேர்க்கின்றன. இரும்பு உப்பான பெரஸ் சல்பேட்டைத் தனியே போடாமல் தொழுவுரத்தில் ஊட்டமேற்றிப் போடச் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் எல்லாக் குப்பையும் ஒன்றல்ல. கரும்புச்சாற்றைக் கந்தக முறையில் தெளியவைக்கும் ஆலையில் வடிகட்டும்போது மிஞ்சும் பிரஸ்மட் இந்த மண்ணுக்கு ஆகும். சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்துத் தெளியவைக்கும் ஆலையின் கழிவிலோ சுண்ணாம்பே மிகுதி. அதைக் கொண்டுவந்து கொட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. முட்டைக்கோழி எருவிலும் தீவனத்தின் வழியாக வந்த கால்சியம் நிறைய உண்டு. நாமக்கல்லிலிருந்து லாரி பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவைப் பச்சையாகப் போட்டால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களே பயிரின் தழைச்சத்தைத் தின்றுவிடும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. செய்பவர்கள்தான் குறைவு.

2023-இல் மத்திய அரசு, சாணத்திலிருந்தும் கரிமக் கழிவிலிருந்தும் எரிவாயு எடுக்கும் கோபர்தன் ஆலைகளின் கரிம உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அந்த உரம் எந்த மண்ணுக்குப் போகிறது என்று யார் பார்ப்பது? மண்வள அட்டையில் இருப்பவை 12 அளவைகள். அவற்றில் சுண்ணாம்பு இல்லை. இத்தனைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுக்கான் மண் பொங்கி நுரைத்துக் காட்டிவிடும். அதைப் 13-ஆவது வரியாகச் சேர்த்து, பக்கத்தில் கிடைக்கும் கழிவுகளில் எது ஆகும், எது ஆகாது என்றும் அட்டையிலேயே அச்சிட்டுத் தரலாம்.