கழிவு ஜலமும் நகரசபையின் உரிமையும்

சென்னை நகரத்தார் உபயோகித்துக் கழிக்கும் ஜலத்தைச் சுத்தி செய்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டை விஸ்தரிக்க வேண்டுமா என்பதில் இனி வாதத்திற்கு இடமில்லை. 2019ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிஜலம் கொண்டுவர நேர்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வருஷத்திற்குச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அந்தக் கதிக்கு வந்தது. இப்பொழுது வாதத்திற்குரிய விஷயம் வேறு. மீட்கப்படும் ஜலம் யாருக்குப் போகவேண்டும், என்ன விலைக்குப் போகவேண்டும் என்பதை நிச்சயிப்பது ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரசபையா, அல்லது உத்தியோகஸ்தர்கள் மாத்திரமா?

கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019ல் திறக்கப்பட்ட நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும்படி அமைக்கப்பட்டவை. ஏற்கனவே இரண்டு படிகளில் சுத்தி செய்யப்பட்ட கழிவு ஜலம் அங்கே மணலில் வடிகட்டப்பட்டு, நுண்ணிய சவ்வுகளைக் கடந்து, உப்பும் நீக்கப்பட்டு வெளிவருகிறது. ஒன்றின் ஜலம் மணலித் தொழிற்சாலைகளுக்கும், மற்றொன்றின் ஜலம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் செல்ல ஏற்பாடு. இது நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் நகரத்தின் சாதாரண சுத்திகரிப்பு நிலையங்களின் சக்தியோ நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல். அதில் இவ்விரண்டின் பங்கு 9 கோடிதான். மிச்சத்தில் பெரும்பகுதி கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கலந்து கடலை அடைகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; கழிவு ஜலத்திலோ ஏறக்குறைய ஒரு கிராம். உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். கையிலிருந்த ஜலத்தைக் கடலில் கொட்டிவிட்டு, அதையே உப்போடு திரும்ப எடுத்து, பணங் கொடுத்துப் பிரித்துக் குடிக்கிற விவேகத்தை என்னவென்று சொல்வது? கடல்நீர் நிலையங்களே வேண்டாமென்பது நமது கட்சியல்ல. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் சக்தியுள்ள இரண்டாவது நிலையம் 2024ல் திறக்கப்பட்டது; பேரூரில் 40 கோடிக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. இவற்றிற்குக் காட்டிய அவசரத்தில் பாதியாவது மற்றதற்கும் இருந்திருக்கலாம் என்கிறோம்.

தொழிற்சாலை மீட்ட ஜலத்தை வாங்கினால், அது முன்பு எடுத்துவந்த நல்ல ஜலம் மிச்சமாக வேண்டும். அவ்விதம் மிச்சமான ஜலம் எந்த வட்டத்துக் குழாய்க்குப் போயிற்று? லாரிக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் வடசென்னைப் பெண்மணிக்கு இந்தக் கணக்கைக் கேட்கப் பூரண பாத்தியதை உண்டு. அவள் சார்பில் கேட்கவேண்டியவர் அவளுடைய வட்டத்து அங்கத்தினர்.

சட்டம் இந்த இடத்தில் வழுக்குகிறது. 1993ல் அமுலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், வீட்டுக்கும் கைத்தொழிலுக்கும் வியாபாரத்திற்கும் ஜலம் வழங்குவதை ஸ்தல ஸ்தாபனங்களின் அலுவல்களில் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் அந்த அதிகாரத்தை ராஜ்ய சட்டசபை 'அளிக்கலாம்' என்றுதான் விதி சொல்கிறது; அளித்தே தீரவேண்டுமென்று சொல்லவில்லை. அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்துக்குள் ஸ்தல சுயாட்சி முழுவதையும் மடக்கி வைத்துவிடலாம். சென்னையில் ஜலமும் சாக்கடையும் 1978ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த, மந்திரியைத் தலைவராகக் கொண்ட, ஒரு வாரியத்தின் வசம் இருக்கின்றன. 1882ல் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்ட ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கிய மாளிகையில், 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஜனப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. ஏரிகள் வறண்டதும், மேற்படி இரு நிலையங்கள் திறக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். அந்நியன் கொடுத்த அற்ப சுயாட்சியைப் பரிகசித்தவர்கள் நாம். நம்மவர் ஆட்சியில் அதுவும் ஐந்து வருஷத்திற்கு மேல் இல்லாமற் போயிற்று.

ஜனங்களைக் கலந்து செய்தால் காரியம் தாமதப்படும் என்பார்கள். ஆலந்தூரைப் பார்க்கட்டும். 1996ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்வூர் நகரசபை, சாக்கடைத் திட்டத்திற்காக ஜனங்களிடம் நேரிற் சென்று எடுத்துரைத்து, வீடொன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வசூலித்தது. பணம் வந்தது, வேலையும் நடந்தது. ஜனங்களின் சம்மதம் கிட்டாவிட்டால் நேர்வதற்கு ஆஸ்திரேலியாவின் டுவும்பா உதாரணம். கடும் வறட்சியிலும், 2006ல் அவ்வூரார் மீட்ட ஜலத்தைக் குடிஜலத்தில் சேர்க்கும் திட்டத்தைச் சுமார் 62 சதவிகித வாக்குகளால் தள்ளிவிட்டார்கள். 1968 முதல் ஆப்பிரிக்காவின் விண்ட்ஹூக் நகரம் இத்தகைய ஜலத்தைக் குடித்துவருகிறது. 2003 முதல் சிங்கப்பூரில் நம்மவரும் அதை உபயோகிக்கிறார்கள். ஆசாரத்தைக் காட்டி முகஞ்சுளிப்போருக்கு ஒரு வார்த்தை: காவிரிக்கரையில் மேலூரார் விட்ட சாக்கடை கீழூராரின் குடிஜலத்தில் எத்தனையோ காலமாகக் கலந்தே வருகிறது. யந்திரத்தின் வழியே வருவது அதைக் காட்டிலும் சுத்தம்.

போரூர் முதலிய ஏரிகளில் இந்த ஜலத்தை விடும் யோசனையில் மற்றொரு சிக்கல் உண்டு. வருஷம் முழுதும் ஏரியை நிரப்பி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடம் எங்கே? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் அடையாற்றங்கரையை என்ன செய்ததென்று அறிவோம். வடகிழக்குப் பருவத்திற்கு முன் எந்த மட்டத்திற்கு ஏரியை இறக்கவேண்டுமென்பதை முன்கூட்டியே தீர்மானித்துப் பகிரங்கப்படுத்தல் அவசியம். பிரித்தெடுத்த உப்புக் கழிவு எங்கே விடப்படுகிறதென்பதும் தெரியவேண்டும்.

இந்த ஜலத்திற்குத் தொழிற்சாலைகள் கொடுக்கும் பணத்தில் முதற் பாத்தியதை சாக்கடைத் தொழிலாளிகளுடையது. மனிதரை இறக்கக்கூடாதென்று 2013ல் சட்டம் செய்த பின்னும், விஷவாயுவுக்கு இரையானோர் நம் ராஜ்யத்தில் உண்டு. ஒவ்வொரு வட்டத்திற்கும் யந்திரம் வாங்கிய பிறகே மற்றச் செலவு.

நகரசபையின் அடுத்த வரவு செலவுக் கூட்டத்திற்கு முன் வாரியத்தார் மூன்று கணக்குகளைச் சபையின் மேஜைமீது வைக்கட்டும்: எந்தத் தொழிற்சாலை எவ்வளவு ஜலத்தை என்ன விலைக்கு வாங்கியது, அதனால் மிச்சமான நல்ல ஜலம் எந்த வட்டங்களுக்குப் போயிற்று, பரிசோதனையில் ஜலத்தின் தன்மை எப்படியிருந்தது. வைக்க மறுத்தால், வாரியத்தையே சபையின் கீழ்க் கொண்டுவரும்படி அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றித் தீர்மானம் கொண்டுவரட்டும்.