வானில் இருந்தபோது நாடே மாறியது!

1991-ம் ஆண்டு மே 18-ந் தேதி. செர்ஜி கிரிகாலெவ் என்ற என்ஜினீயர் ராக்கெட்டில் ஏறி, "மிர்" விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அப்போது அவருடைய நாடு சோவியத் யூனியன்.

311 நாள் கழித்து, 1992 மார்ச் 25-ந் தேதி பூமியில் இறங்கினார். சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை! அவர் பிறந்த லெனின்கிராடு நகருக்குப் பெயர் மாறி இருந்தது. அவர் வந்து இறங்கிய கஜகஸ்தானும் தனி நாடு ஆகிவிட்டது.

ஏன் தங்கினார்?

அவரை வானத்தில் கைவிட்டு விட்டார்கள் என்று சொல்வது உண்டு. அது சரியல்ல. திரும்பி வர ஒரு கப்பல் எப்போதும் தயாராக நின்றது.

பணமுடையால் இரண்டு பயணங்களை ஒன்றாக்கி விட்டார்கள். அடுத்த கப்பலில், அவருடைய வேலையை ஏற்கத் தக்க என்ஜினீயர் வரவில்லை. எனவே, மேலும் பல மாதம் தங்க அவர் சம்மதித்தார்.

கவனிக்க ஆள் இல்லாத நிலையம் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். 1985-ல் "சல்யூட்-7" நிலையம் ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் இழந்து, பனியாய் உறைந்தது. அதை மீட்கத் திட்டம் போட்ட குழுவில் அவரும் ஒருவர்.

பகைவர் கூட்டாளி ஆயினர்

1994-ல் அமெரிக்க விண்கப்பலில் பறந்த முதல் ரஷியர் அவரே. 1998-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள், அமெரிக்கர் ஒருவரோடு சேர்ந்து முதன் முதலாக நுழைந்தார். 2000-ம் ஆண்டு அங்கே குடியேறிய முதல் மூவரில் ஒருவரும் ஆனார். ஆறு பயணங்களில் அவர் விண்ணில் கழித்தது மொத்தம் 803 நாள்!

இனி என்ன?

2022-ல் உக்ரைன் போர் மூண்டது. அமெரிக்காவும் ரஷியாவும் மீண்டும் முறைத்துக் கொண்டன. ஆனால் நிலையத்தில் கூட்டு முறியவில்லை. காரணம் என்ன? அங்கே மின்சாரம் பெரும்பாலும் அமெரிக்கப் பகுதியில் கிடைக்கிறது. நிலையம் கீழே இறங்காமல் உயர்த்திவிடும் வேலையைப் பெரும்பாலும் ரஷியப் பகுதி செய்து வந்தது. ஒருவரை விட்டால் மற்றவருக்கு வழி இல்லை! போர் மூண்ட அதே ஆண்டில், அன்னா கிகினா என்ற ரஷியப் பெண் என்ஜினீயர் அமெரிக்கக் கப்பலில் சென்றார். அமெரிக்கர் ரஷியக் கப்பலில் சென்றார்.

2025 நவம்பரில் அந்த நிலையத்தில் மனிதர் குடியேறி 25 ஆண்டு நிறைந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. 2030-க்குப் பிறகு அதைக் கடலில் இறக்கத் திட்டம் இருக்கிறது. சீனா தனி நிலையம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் தனியார் கம்பெனிகள் புது நிலையம் கட்ட முனைந்துள்ளன.

பழைய இரும்பு போனால் புதிது செய்யலாம். ஆனால் பகை நாட்டவர் ஒரே கூரையின் கீழ், ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைக்கும் இன்னொரு வீட்டை யார் கட்டுவார்கள்? உலகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.