மீன் தொட்டிக்குள் மரக்கட்டை வைக்கலாமா?

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்பது பழமொழி. அதன் பொருளை நான் சென்ற கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன். அதற்கு ஆறு கப்பி மீன்களின் உயிர் விலையாயிற்று.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு மரக்கிளையை வைத்தால் காட்டு ஓடை போல அழகாக இருக்குமே என்று எனக்கு ஆசை. கடையில் விற்கும் கட்டையோ விலை அதிகம். கொல்லையில் வேப்பமரம் இருக்கக் காசு எதற்கு? வேம்பு மருந்து மரமாயிற்றே, மீனுக்கும் நல்லதுதானே என்று எண்ணிப் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துக் கழுவி உள்ளே வைத்தேன். மறுநாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் காலையில் எட்டு மீன்களில் ஆறு செத்து மிதந்தன.

பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் காரணம் கேட்டேன். பச்சைக் கிளையின் சாறு நீரில் இறங்கினால், அதை உண்டு பாக்டீரியாக்கள் பெருகி, நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். வேம்பின் கசப்புச் சத்தோ பூச்சிகளைக் கொல்வதோடு நில்லாமல் மீன்களையும் தாக்கும். நமக்கு மருந்தாக இருப்பது மீனுக்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை.

இதைக் கேட்ட என் பாட்டி, "ஏம்மா, சமுத்திரம் ஏரியில் எத்தனை கிளை விழுந்து கிடக்கிறது! அங்கே மீன் சாகவில்லையே?" என்றார். நல்ல கேள்விதான். ஆனால் ஏரி பெரியது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 56 லிட்டர் நீரே கொள்ளும். ஏரி மீன் நல்ல நீரைத் தேடி நீந்திப் போகும். தொட்டி மீன் எங்கே போகும்?

அப்படியானால் மரமே வேண்டாம், பிளாஸ்டிக் பொம்மை போதும் என்பது என் தோழியர் சிலரின் கருத்து. நான் அதை ஏற்கவில்லை. கட்டையின் நிழலில் மீன் ஒளிந்துகொள்ளும், அச்சமின்றி இருக்கும், அதில் படரும் பாசியைக் கொறிக்கும். ஆகவே மரம் வைக்கலாம். ஆனால் பொறுமை இல்லாதவர்கள் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் மரத்தின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாத கட்டை தொட்டிக்கு ஆகாது. அரளி காய்ந்தாலும் நஞ்சுதான். கள்ளிப்பாலை நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமே உண்டு. பால் வடியும் மரம், பிசின் வடியும் மரம், வர்ணமோ வார்னிஷோ பூசிய பலகை, பிளைவுட் ஆகிய எதுவும் வேண்டாம். கொய்யாக் கிளை நல்லது.

அடுத்து, கிளை பல மாதம் காய வேண்டும். பட்டையை உரித்து, சோப்புப் போடாமல் தேய்த்துக் கழுவி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைக்க வேண்டும். பின் வாளியில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று வாரம் நீரை மாற்றி வர வேண்டும். நீர் தேநீர் நிறமாவது டானின் என்னும் துவர்ப்புப் பொருளால். அது சிறிதளவு இருந்தால் கெடுதல் இல்லை. தொட்டியில் வைத்த பின் பஞ்சு போல வெண்மையாகப் படர்ந்தால் துடைத்துவிடலாம். கட்டை மெதுமெதுப்பாகி அழுகிய முட்டை போல நாறினால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிவலப் பாதையில் நடக்கும்போது, மலையோரம் கிடக்கும் சுள்ளியை எடுத்து வந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நம் மலை ஒரு காலத்தில் விறகுக்காக வெட்டப்பட்டு மொட்டையாகக் கிடந்தது. 1980-களின் இறுதியிலிருந்து பலர் பாடுபட்டுக் கன்று நட்டு வளர்த்த பசுமையே இன்று நாம் காண்பது. அங்கே உதிர்ந்த கிளை பூச்சிகளுக்கு வீடு. மட்கினால் கன்றுகளுக்கு உரம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி மரம் எடுப்பதை 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் தடுக்கிறது. நம் தொட்டியின் அழகுக்காக மலையின் சொத்தைத் தொடலாமா?

அன்புத் தோழியரே! மீன் நம்மிடம் அழகு கேட்கவில்லை. அழகு கேட்பது நம் கண்தான். அந்த ஆசைக்கு விலை கொடுப்பது மட்டும் வாயில்லாத அந்த உயிராக இருக்கலாமா? எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது ஒரு கொய்யாக் கிளை காய்ந்துகொண்டிருக்கிறது. மீதமுள்ள இரண்டு மீன்களும் அதற்காகக் காத்திருக்கின்றனவோ இல்லையோ, நான் காத்திருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு